சொந்த வண்டியின் சத்தம்

சிங்கப்பூரில் கொசுவுக்கு அடுத்தபடியாக மனிதரின் நிம்மதியைக் கெடுக்கிற இனம் ஒன்று உண்டு. புதிதாகச் சொந்த மாட்டு வண்டி வாங்கியவர். கூலிக்கு வண்டி ஓட்டுகிறவரைச் சொல்லவில்லை. அவர் பரம சாது. வண்டி குடை சாய்ந்தாலும் "முதலாளி வண்டிதானே" என்று வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார். அதே ஆள் அதே வண்டியை விலைக்கு வாங்கட்டும், அன்று மாலையே வேறு ஆளாகிவிடுவார்.

சிராங்கூன் சாலைப் பக்கம் போகிறீர்களா? இரண்டு பேரையும் பிரித்துப் பார்ப்பது எளிது. வண்டிக்கு மேலே இருப்பவர் கூலிக்காரர். வண்டிக்கு அடியில் இருப்பவர் சொந்தக்காரர்.

மாதிரிக்குச் செல்லக்கண்ணுவை எடுத்துக்கொள்வோம். ஒலி முகம்மது மரைக்காயரின் சரக்குக் கிட்டங்கியில் அவர் பல வருஷம் கூலிக்கு வண்டி ஓட்டினார். ஓட்டினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வெங்காய மூட்டைகளின்மேல் ஏறிப் படுப்பார், மாடுகள் பாட்டுக்கு நடக்கும், தஞ்சோங் பகார் துறைமுகம் வந்ததும் அவை நிற்கும், இவர் எழுந்து சோம்பல் முறிப்பார். ஒரு நாளும் சரக்கு பிந்தியதில்லை.

பிறகு மரைக்காயர் வண்டிகளை விற்க முடிவு செய்தார். செல்லக்கண்ணு மனைவி முத்தாயியின் தோடுகளைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்து, தான் படுத்துப் பழகிய அதே வண்டியையும் மாடுகளையும் வாங்கிவந்தார்.

"பினாங்குக் கப்பலுக்கு ஒரு நடை சரக்கு இருக்கு, செல்லக்கண்ணு. பிந்தாமக் கொண்டு சேத்துட்டேன்னா கிட்டங்கிச் சரக்கு முழுக்க இனி உனக்குத்தான்" என்றார் மரைக்காயர். கிட்டங்கிச் சரக்கு கிடைத்தால் தோடு திரும்பிவிடும். கிடைக்காவிட்டால் முத்தாயி காதில் வேப்பங்குச்சிதான். இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சொந்தக்காரராக வண்டியில் ஏறி உட்கார்ந்த முதல் நாள் அது கேட்டது. கீ...ச்.

குதித்து இறங்கினார். குனிந்தார். சக்கரத்தில் காதை வைத்தார். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "உங்களுக்குக் கேக்குதா?" என்றார். சீனத் தச்சரிடம் போனார்; தச்சர் ஆரக்காலைக் காட்டினார். ஆரக்கால் மாற்றினார். கொல்லரிடம் போனார், கொல்லர் சக்கரத்தைச் சுற்றிய இரும்புப் பட்டாவைக் காட்டினார். பட்டாவும் மாற்றினார். சத்தம் இப்போது புது ஆரக்காலோடும் புதுப் பட்டாவோடும் கேட்டது.

இந்த இனத்தார் சிக்கனம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சிக்கனத்தில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. செல்லக்கண்ணு காப்பிக் கடைக்குப் போவதை நிறுத்தினார், மீன் வாங்குவதை நிறுத்தினார், வீட்டுத் தேங்காயெண்ணெயை அச்சு நுழையும் சக்கரக் குடத்துக்கு ஊற்றியது போக மிச்சமிருந்தால் தாளிக்கலாம் என்று உத்தரவு போட்டார்.

"ஏங்க, கூரை ஒழுகுது."

"பொறு முத்தாயி, வண்டி கத்துது."

"அப்போ கூரையும் கத்துனாத்தான் பாப்பீங்களோ?"

அவர் அதற்குள் தெருவில் இருந்தார். மரைக்காயரிடமே ஓடினார்.

"முதலாளி, வண்டியில ஒரு சத்தம்..."

"அது என்னைக்கும் கத்துற வண்டிதானப்பா. தெருவுக்கே தெரியும். நீதான் மூட்டை மேல தூங்கிட்டே வருவே."

செல்லக்கண்ணு இதை நம்பவில்லை. நீங்கள் நம்புவீர்களா? தோட்டை அடகு வைத்துப் பணம் கொடுத்த பிறகு?

கப்பல் நாள் வந்தது. விடிந்ததும் வீட்டிலிருந்த எண்ணெய் முழுவதையும் சக்கரக் குடத்தில் ஊற்றி, இடுக்குகளில் தேங்காய் நாரைத் திணித்து, மூட்டை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். எண்ணெய் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது, கீச்சு மெல்ல மெல்லத் தேய்ந்தது, சவுத் பிரிட்ஜ் சாலையில் டிராம் தண்டவாளத்தின்மேல் ஏறும்போது அடியோடு நின்றது.

மாடுகளும் நின்றன.

மாடுகளைக் குறை சொல்வதற்கில்லை. வண்டி ஓடினால் கத்தும், ஊர் வந்து சேர்ந்தால் அடங்கும். தூங்குகிற வண்டிக்காரரிடம் அவை கற்றுக்கொண்டது இவ்வளவுதான். சத்தம் அடங்கிவிட்டது, ஆகவே துறைமுகம் வந்துவிட்டது. அவிழ்த்துவிடுவார்கள் என்று காத்திருந்தன.

பின்னால் டிராம் மணியடித்தது. செல்லக்கண்ணு கையை உயர்த்தி, "மணியடிக்காதீங்க! சத்தம் நிஜமாவே நின்னுடுச்சான்னு கேக்கணும்" என்றார். ரிக்‌ஷாக்கள் தேங்கின. சீக்கியக் காவலர் தடியோடு வந்தார். "அடிச்சு ஓட்டய்யா!" என்று யாரோ கத்தினார்கள். முதலாளியின் மாடாக இருந்த காலத்தில் இவரே வாலை முறுக்கியவர்தான். இப்போது அவை சொந்த மாடுகள். அடிக்கக் கை வரவில்லை. தள்ளிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் வேறு வழி தெரியாமல் மாடுகளின் காதருகே குனிந்து, தன் தொண்டையாலேயே ஒரு முறை கத்தினார்.

"கீ...ச்!"

மாடுகள் நடந்தன.

அவர் நிறுத்தினால் அவையும் நிற்கும். ஆகவே சவுத் பிரிட்ஜ் சாலை முடிய, அங்கிருந்து தஞ்சோங் பகார் முடிய, நடு வெயிலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடுகளோடு கூடவே நடந்து, ஒரு முழு வண்டியின் சத்தத்தை ஒற்றை ஆளாகக் கொடுத்தார். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். துறைமுகம் சேர்ந்தபோது கப்பல் போய்விட்டிருந்தது. மரைக்காயர் மட்டும் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்கிட்ட இருந்த வரைக்கும் இந்த வண்டி கத்திக்கிட்டேதான் இருந்துச்சு, செல்லக்கண்ணு. ஆனா ஒரு நாளும் பிந்தினதில்லே. இனிமே சரக்கைக் கூலி வண்டிக்காரன் பரமசிவம் ஏத்தட்டும். அவன் நல்லாத் தூங்குறவன்."

செல்லக்கண்ணுவுக்கு அழுகை வந்தது. தொண்டை கட்டியிருந்ததால் அதுவும் கீச்சென்றே வந்தது. மாடுகள் அதை நம்பி மேலும் நான்கடி நடந்தன.

வீட்டு வாசலில் முத்தாயி காதில் குச்சியோடு உட்கார்ந்து, சக்கரக் குடத்திலிருந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தாள். நாரையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். மறுநாள் காலையில், கிடைத்த சில்லறைச் சரக்குக்காகப் புறப்பட்ட வண்டி பழையபடி வாய்விட்டுக் கத்திக்கொண்டு தெருமுனை வரை போனது. அங்கே செல்லக்கண்ணு அதை நிறுத்தினார். இவர் குதித்து இறங்கி, கட்டிய தொண்டையோடு வீட்டைப் பார்த்துக் கத்தினார்:

"முத்தாயி! கேட்டியா? வலது பக்கம் புதுசா ஒண்ணு!"

உங்களிடம் மாடும் இல்லை, வண்டியும் இல்லை, ஆகவே நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆபீஸ் நாற்காலி எத்தனை வருஷமாக முனகுகிறது, ஒரு நாளாவது எழுந்து பார்த்திருக்கிறீர்களா? இப்போது உட்கார்ந்து படிப்பது உங்கள் சொந்த நாற்காலி. சற்று முன் அது லேசாக முனகிற்று. தயவுசெய்து குனியாதீர்கள்.