உளுந்து அரைபடும்வரை வந்த டோன்

அன்புள்ள தங்கை சௌந்தரத்துக்கு,

கிடர்பூர் அண்ணன் சிவராம் சொல்லச் சொல்ல, மருமகள் சுப்ரியா எழுதும் கடிதம். இங்கே நான், மகன், மருமகள், ஆம்ப்ளிஃபயர் நால்வரும் சௌக்கியம். அங்கே திருப்பூரில் நீயும் உன் முழங்காலும் அவ்வாறே இருக்க காளிகாட் அம்மனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வருஷத்தின் நம்பர் எனக்கெதற்கு? மெட்ரோவுக்காக சௌரங்கி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். செப்டம்பரில் வெள்ளம் வந்து தெருவில் படகு விட்டார்கள். நம் வீட்டு அரிசி மூட்டை முளைவிட்டு அம்மா அழுதாள். அந்த வருஷம். அந்தக் காளி பூஜைக்கு கிடர்பூர் பந்தலில் நான் கிடார் வாசித்தேன், பத்மநாபன் டிரம்ஸ் அடித்தான். கிரேக்கக் கப்பல்காரனிடம் வாங்கினேனே, அந்த வால்வு ஆம்ப்ளிஃபயர்தான். சுட்ட கத்திரிக்காய் மாதிரி ஒரு டோன் வந்தது, மேலே கருகல், உள்ளே வெண்ணெய். பத்மநாபன் சாகும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறான். கேட்டு வளர்ந்த அவன் பேரன் அஷ்வத், லேக் கார்டன்ஸில் ஸ்டூடியோ வைத்திருப்பவன், போன மாதம் வந்து நின்றான். "ஒரு பாட்டு பண்றேன் தாத்தா. நடுவுல எட்டு வரி உங்க கிடார். ஆனா அந்த டோன் வரணும். வரலேன்னா கம்ப்யூட்டர்ல போட்டுக்கறேன், அதுல நூறு ஆம்ப் இருக்கு."

கேட்டாயா? என் எட்டு வரியை ஒரு பெட்டி வாசிக்குமாம்! அன்றே டாக்ஸியில் ஆம்ப்பை ஏற்றி, துணைக்கு சுப்ரியாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். வால்வுகள் சிவக்கும்வரை காத்திருந்து வால்யூமை மூன்றில் வைத்தேன். கொசு. வால்வு ஆம்ப் தொண்டையைத் திறந்தால்தானே பாடும், ஏழுக்குத் திருப்பினேன். கீழ்வீட்டு வங்காளி மாமி, மாஷிமா, மத்தியானத் தூக்கம் கலைந்து மாடியேறி வந்து, வங்காளியில், "ஓ தாத்தா, ஃப்ரிட்ஜில வெச்ச மீன் கூட முழிச்சுக்கிச்சு!" என்றாள். ஆம்ப்பைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவுக்கு மெத்தை அடைத்தோம். அஷ்வத் மைக்கை ஸ்பீக்கரின் நட்டநடுவில் வைத்தான். நடுவில் வைத்தால் ஊசிதான் குத்தும், ஓரத்துக்கு நாலு விரல் தள்ளுடா என்றேன். தள்ளினான். சத்தம் உருண்டு வந்தது. வெண்ணெய் வந்துவிட்டது, கருகலைக் காணோம்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்தக் காலத்துப் பந்தலில் ஆயிரம் சீரியல் பல்பு. வோல்டேஜ் இறங்கி, வீட்டு பல்பெல்லாம் மிளகாய்ப் பழமாய் சிவந்து எரியும். இப்போது இருபத்துநாலு மணி நேரமும் முழு வோல்டேஜ். ஆம்ப்புக்குக் கொஞ்சம் பசி வேண்டாமா? ஒல்லி வயரில் நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்து, அதிலேயே ஆம்ப், அதிலேயே இஸ்திரிப்பெட்டி. சுப்ரியா தேய்க்க, நான் வாசிக்க, வந்ததம்மா கருகல்! ஆனால் இஸ்திரிப்பெட்டி சூடேறி 'டிக்' என்று அணைந்ததும் டோனும் அணைந்தது. "ஈரத்துணியா எடும்மா, சீக்கிரம் சூடேறக் கூடாது!" என்று கத்தினேன். "சட்டையெல்லாம் தீர்ந்துபோச்சு மாமா, இப்ப அஷ்வத்தோட ஜன்னல் திரையை நனைச்சுத் தேய்ச்சிட்டிருக்கேன்!" என்றாள். ஆறு வரி தேறியது. திரை காய்ந்துவிட்டது.

அஷ்வத் கொட்டாவி விட்டான். "ஞாயித்துக்கிழமை டாக்குரியாவுல நம்ம சங்கத்துப் பொங்கல் விழால வாசிக்கறேளே, அங்க ரெகார்ட் பண்றேன். அங்கயும் எட்டு வரி முழுசா வரலேன்னா கம்ப்யூட்டர்தான்."

அந்த நாலு நாளும் நான் சாப்பிடவில்லை, சுப்ரியாவே சாட்சி. (சாப்பிட்டார். சு.) மேடையில் ஆம்ப்பை நாற்காலிமேல் ஏற்றி, மூஞ்சியைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துவைத்தேன், தரையில் வைத்தால் முன்வரிசைக்காரன் முழங்கால்தானே கேட்கும்? முதல் பாட்டில் ஒன்றுமில்லை, தகரம். இரண்டாவது பாட்டுக்கு நடுவே, மேடைக்குப் பின்னாலிருந்த சமையற்கட்டில் பட்டு மாமி வடைக்கு கிரைண்டரைப் போட்டாள் பார், ஐயோ, திறந்தது தொண்டை! கருகல், வெண்ணெய், எல்லாம்! அஷ்வத் எழுந்து நின்றுவிட்டான். ஆனால் அந்த எட்டு வரி வரவேண்டிய பாட்டுக்கு முந்தைய பாட்டு முடியும்போது கிரைண்டர் நின்றது. நான் கிடாரைத் தோளிலிருந்து கழற்றாமலே சமையற்கட்டுக்கு ஓடினேன்.

"மாமி, நிறுத்தாதீங்க! ஓட்டுங்க!"

"உளுந்து அரைபட்டுப் பொங்கிண்டு நிக்கறது. இன்னமும் ஓட்டினா வடை வராது, போஸ்டர் ஒட்டத்தான் ஆகும்."

"ஒரே ஒரு பாட்டு மாமி. அம்பது வருஷமா காத்துட்டிருக்கேன்."

"என் வடைக்கு யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்!"

ஓட்டினாள், மகராசி. எட்டு வரியும் வந்தது, ஒரு இழை குறையாமல்! வடை எண்ணெயைப் பஞ்சாய் உறிஞ்சி, செயலாளர் வெங்கடநாராயணனின் பல்செட்டைக் கையோடு கழற்றிக்கொண்டு வந்தது. சங்கத்தில் என்னை ஒரு வருஷத்துக்கு விலக்கி வைக்கலாமா என்று பேச்சு நடக்கிறதாம். நடக்கட்டும். ரகசியம் வோல்டேஜில் இருக்கிறது என்று இந்த உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவன் உன் அண்ணன்.

பேரக் குழந்தைகளுக்கு என் ஆசிகள். சம்பந்தி வீட்டாருக்கு என் வணக்கம். தைலம் கேட்டாயே, சுப்ரியா தனிப் பார்சலில் அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
மேடையிலிருந்து இன்னும் இறங்காத அண்ணன்
சிவராம்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் அஷ்வத் வந்தான். இந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காதீங்கோ தாத்தா. பழைய ஆம்ப், வெந்து போயிடுமேன்னு பயந்து முதல் நாளே அடியில ஒரு ஸ்டெபிலைசர் சொருகிட்டேன். மேடைலயும்தான்." அப்படியென்றால் இஸ்திரிப்பெட்டி என்ன ஆட்டம் போட்டாலும், கிரைண்டர் என்ன சுற்றுச் சுற்றினாலும், ஆம்ப்புக்குப் போனது கடைசிவரை ஒரே வோல்டேஜ். பின்னே என் காதில் விழுந்தது என்ன? போதாததற்கு அதே எட்டு வரியைக் கம்ப்யூட்டரிலும் செய்து வைத்திருக்கிறான். எது பழைய டோன் என்று அவனுக்குத் தெரியவில்லையாம். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? வாசிக்கிறவன் ஆம்ப்புக்குப் பக்கவாட்டில் நிற்கிறவன், முன்னால் போன சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டையும் பெயர் போடாமல் உன் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன், நீ எதைச் சொல்கிறாயோ அதுதான் பாட்டில் வரும் என்று அவனிடம் சத்தியமும் வாங்கிவிட்டேன். காளி பூஜையன்று ஸ்பீக்கருக்கு நேரெதிரே நின்றவர்களில் உன் சிநேகிதி சுலோசனா போய்விட்டாள், மாப்பிள்ளை மஹாதேவனும் போய்விட்டார், மிச்சம் இருப்பது சௌந்தரம் ஒருத்திதான்.