ஆறு முறை போயும் புலி இல்லை

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று, நீங்கள் நோட்டுத் தந்த அன்றே சொன்னேன். அப்படியே எழுதுகிறேன். நீங்களும் சித்தப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே கொசுக்கள் சௌக்கியம்.

மூன்று நாள் காட்டில் ஒன்றாக இருந்தால் அப்பாவும் அம்மாவும் சமாதானமாகிவிடுவார்கள் என்று நீங்கள்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தீர்கள். இன்று ஐந்தாவது நாள். முதல் நாள் டீ குடிக்கும்போதே இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் அவர்கள் எதிலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. புலியைப் பார்த்ததும் வீடு திரும்புவது, திரும்பியதும் அப்பா தன் பெட்டிகளோடு வேறு வீட்டுக்குப் போய்விடுவது. "பாக்காம மட்டும் வரமாட்டேன், ஆபீஸ் முழுக்க சொல்லிட்டேன்" என்றார் அப்பா. "அதையாவது முழுசா செய்ங்க" என்றாள் அம்மா. நான் எதிரில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். நான் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

ஜீப்பில் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. நம் வீட்டாருக்கு இது கஷ்டமே இல்லை, மாதக்கணக்காகப் பேசாமல் இருந்து பழகியவர்கள் என்று நினைத்தேன். தப்பு. பேசக் கூடாது என்றதும் இருவருக்கும் சொல்ல நிறைய இருந்தது. விலங்குகளைக் குறித்துக்கொள்ள நீங்கள் தந்த நோட்டைப் பிடுங்கி அம்மா ஒரு வரி எழுதித் தருவாள், நான் முன் சீட்டுக்கு நீட்டுவேன், அப்பா பதில் எழுதித் திருப்புவார், இப்படியே புள்ளிமான் பதினேழு என்று நான் எழுதியதற்குக் கீழே "உங்க அக்கா அன்னைக்கு என்ன சொன்னாங்க" என்று அம்மா ஆரம்பித்து, காட்டெருமைப் பக்கத்தையும் தாண்டி, நாலாவது பயணத்தில் என் பேனா தீர்ந்தே போய், வழிகாட்டி அண்ணன் தன் பேனாவைக் கொடுத்துவிட்டு, "மேடம், கொஞ்சம் மெதுவா அழுத்துங்க, பேப்பர் கிழியற சத்தத்துக்கே மான் ஓடுது" என்று கிசுகிசுத்தார்.

எங்கே போனாலும் "இப்பத்தாங்க போச்சு" என்கிறார்கள். அப்பா புலியின் எச்சத்தைக்கூடப் போட்டோ எடுத்துவிட்டார், லீவை இரண்டு முறை நீட்டிவிட்டார். "ராசியில்லாத ஆளோட வந்தா இப்படித்தான்" என்று அம்மா எழுதினாள். "பதினஞ்சு வருஷமா எனக்கும் இதேதான்" என்று அப்பா எழுதினார். ஆறு முறை போயும் நாங்கள் யாரும் புலியைப் பார்க்கவில்லை. சமாதானமும் இல்லை, நோட்டில் இடமும் இல்லை. எங்களை ஏன் அனுப்பினீர்கள் என்று உங்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

சித்தப்பாவுக்கு வணக்கம். பாப்பாவுக்கு முத்தம், அவளைக் காட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மேலே ஒரு பொய் இருக்கிறது. முதல் நாளே, அந்த டீ முடிந்து போன பயணத்தில், நான் புலியைப் பார்த்தேன். அப்பா எழுதிக்கொண்டிருந்தார், அம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், வழிகாட்டி அண்ணனும் டிரைவரும் மறுபக்கம் குனிந்து கால்தடம் தேடினார்கள். மூங்கில் புதரடியில் அது உட்கார்ந்து என்னையே பார்த்தது. நான் எதிர்ப்பக்கம் கை நீட்டி, "அங்க பாருங்க, மயில்" என்றேன். பேசியதற்காக அப்பாவும் அம்மாவும் ஒன்றாகச் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அங்கே மயில் இல்லை. நோட்டைப் பார்க்கும்போது 'மயில் ஒன்று' என்பதை நீங்களே அடித்துவிடுங்கள். நாளை ஏழாவது முறை. ஜீப்பில் அன்றைக்கு உட்கார்ந்த அதே ஓரத்தில்தான் உட்காரப்போகிறேன். இந்தக் கடைசி வரி கோணலாக இருந்தால் மன்னியுங்கள், விடுதிக்காரர் விளக்குகளை அணைத்துவிட்டார்.