நாலு மூடி மேல் ஒரு கார்

வீட்டு மெக்கானிக் என்றொரு இனம் நம்மிடையே நடமாடுகிறது. சொந்தமாகக் கார் வாங்கியதும் பிறந்து, ஒர்க்‌ஷாப் என்ற சொல்லைக் கேட்டதும் சீறி, ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்கு அடியில் பாதியும் வெளியே பாதியுமாகக் காணப்படும். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

காமயகவுண்டன்பட்டியில் 2003 வாக்கில் வாழ்ந்த இந்த இனத்தின் பெயர் சிக்கந்தர். திராட்சை வியாபாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்தில் கொழுந்தியாள் மகளுக்கு நிக்காஹ், பத்தரைக்குள் போய்ச் சேர வேண்டும். எட்டு மணிக்குக் காரின் பின் சக்கரத்து பிரேக் கிறீச்சிடுவது அவருக்கு நினைவுக்கு வந்துவிட்டது. கிறீச்சென்று போய் நின்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?

அவருக்கு ஜாக்கி தெரியும், ஸ்பேனர் தெரியும், எந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று விரலுக்கே தெரியும். தரை மட்டும்தான் தெரியாது. முந்தின நாள் மழையில் ஊறிய முற்றத்தில் அவர் ஜாக்கியைச் சுற்றச் சுற்ற, கார் மேலே வரவில்லை, ஜாக்கி பூமிக்குள் போனது. பத்தடி தள்ளி சிமெண்டு ரோடு இருக்கிறதே என்கிறீர்களா? அங்கே யார் வேண்டுமானாலும் தூக்கிவிடுவார்களே. சிக்கந்தர் திராட்சைப் பெட்டியின் மர மூடிகள் நாலை அடுக்கி, அதன் மேல் ஜாக்கியை வைத்தார்.

மேகமலைக்கு ஜீப் ஓட்டும் பக்கத்து வீட்டு ராக்கப்பன் எட்டிப் பார்த்தான்.

"பாய், கொஞ்சம் பொறுங்க. எங்கிட்ட இரும்பு ஸ்டாண்டு கெடக்கு, எடுத்தாரேன்."

"எதுக்குப்பா? இந்தப் பலக எர்ணாகுளம் வரைக்கும் சரக்கத் தாங்கிட்டுப் போகுது. கார் இங்கன சும்மாதான நிக்குது."

இந்தத் தர்க்கத்தை உங்களால் மறுக்க முடியுமா? ராக்கப்பன் ஸ்டாண்டை எடுக்கத் தன் வீட்டுப் பக்கம் நடந்தான்.

சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, காருக்கு அடியில் காலை நீட்டி சிக்கந்தர் சுகமாக உட்கார்ந்தார். அப்போது மனைவி அம்சத் பீவி டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்து, அவர் காலுக்குப் பக்கத்தில் காருக்கு அடியில் படுக்கப் போட்டுத் தள்ளினார்.

"இத எதுக்கு இங்கன கொண்டாந்து போடுற? எடைஞ்சலா இருக்கு."

"டிக்கியில சீர்த் தட்டு வைக்கணும்ங்க. இது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

சீர்த் தட்டு ஏற்கெனவே பின் சீட்டில் ஏறியிருந்தது. அது சிக்கந்தருக்குத் தெரியாது.

அவர் பிரேக் டிரம்மைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். எர்ணாகுளம் வரை சரக்குத் தாங்கிய மூடிகள் மளமளவென்று முறிந்தன. ஜாக்கி சாய்ந்தது. கார் தொம்மென்று இறங்கி ஸ்டெப்னி மேல் உட்கார்ந்தது. காலுக்கும் காருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. கைலியின் நுனி மட்டும் காருக்கும் டயருக்கும் இடையில் மாட்டிக்கொண்டதால், எழுந்தால் கைலி இல்லாமல்தான் எழ வேண்டும். எனவே மரியாதையாக உட்கார்ந்தே இருந்தார்.

 அம்சத் பீவிக்கு அழுகை வந்தது, கோபம் அதை முந்திக்கொண்டது, இரண்டையும் விழுங்கிவிட்டு ராக்கப்பனைக் கூப்பிட்டார். ராக்கப்பன் ஸ்டாண்டோடு ஓடி வந்து, தன் ஜாக்கியால் காரைத் தூக்கிக் கைலியை மீட்டுக் கொடுத்தான்.

சிக்கந்தர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். "பாத்தியாப்பா? ஸ்டெப்னிய அடியில போடாம நான் ஒரு நாளும் காலை நீட்ட மாட்டேன்."

"ஆமா," என்றார் அம்சத் பீவி. "நிக்காஹ் வீட்டுல யாரும் கேட்டாகன்னா இதையே சொல்லுங்க. இப்பப் போய்க் குளிங்க."

சிரித்துவிட்டீர்களா? நல்லது. போன பண்டிகைக்கு ஒட்டடை அடிக்க, கால் ஆடுகிற நாற்காலி மேல் முக்காலியைப் போட்டு ஏறினீர்களே, அப்போது வேறு ஏதோ வேலையாக வந்ததுபோலக் கீழே ஒருவர் நின்றாரே, அவருடைய கை எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று இன்றைக்காவது கேட்டுப் பாருங்கள்.