வாக்கிடாக்கி மாமாவின் நாலு பட்டன்

மனிதக் குரலுக்கு எங்கள் வாக்கிடாக்கி மாமா கொடுத்த மரியாதையைக் கடலூர் மாவட்டத்தில் வேறு யாரும் எதற்கும் கொடுத்ததில்லை. சாமிக்குக்கூட அந்த அளவு கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம். நாமெல்லாம் வாயைத் திறந்தால் பேச்சு வருகிறது, பேசி முடித்தால் மூடிக்கொள்கிறோம். அவருக்கு அப்படியில்லை. ஒரு சொல் வாயை விட்டுக் கிளம்பி, மைக்கில் ஏறி, மொட்டைமாடி ஏரியல் வழியாக ஆகாயத்துக்குப் போய், சிதம்பரத்தில் இன்னொருவர் காதில் சேதாரமில்லாமல் இறங்குகிற வரைக்கும் அது அவருடைய பொறுப்பு.

2006-இல் கல்யாணமான கையோடு மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு நாங்கள் குடிபோனோம். முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில், வலையும் நைலான் கயிறும் விற்கிற கடை அவருடையது. மற்ற முதலாளிகளுக்கு இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். இவருக்கு, குட்டி ஏரியல் நீட்டிக்கொண்டிருக்கும் செட் ஒன்று தொங்கும். வலை வாங்க வரும் மீனவர்கள் வைத்த பெயர்தான் வாக்கிடாக்கி. அந்தப் பெயர் அவருக்கு அறவே ஆகாது.

"வாக்கிடாக்கி போலீஸ்காரன் வெச்சிருக்கறதுடா. இது ஹாம் ரேடியோ. பரீட்ச எழுதி, பாஸ் பண்ணி, கவர்மெண்ட்டுல லைசென்ஸ் வாங்கியிருக்கேன். தெரியுமா?" என்பார்.

"தெரியும் வாக்கிடாக்கி" என்பார்கள் அவர்கள், ரொம்ப மரியாதையாக.

வீடு பார்க்கப் போன அன்று, நாங்கள் எத்தனை பேர், என்ன ஆட்கள், கறி மீன் சாப்பிடுவோமா என்பதையெல்லாம் அவர் மனைவி ஸ்டெல்லா அத்தைதான் விசாரித்தார். மாமா கேட்டது ஒரே கேள்வி.

"மிக்ஸி எத்தன மணிக்குப் போடுவீங்க?"

ஏன் மாமா என்று கேட்டேன். மாலை ஆறு மணிக்கு மேல் மிக்ஸி ஓடினால் அவர் செட்டில் கொர்ரென்று இரைச்சல் வருமாம். அந்த நேரத்தில்தான் சிதம்பரத்தார் பேசுவார். ஆகவே ஆறு மணிக்கு முன்னால் சட்னி அரைக்கத் தவறிய நாட்களில் எங்கள் வீட்டில் இட்லிக்குப் பொடிதான். என் கணவர் அந்தச் சிதம்பரத்தாரைப் பார்க்காமலே வெறுத்தார்.

சிதம்பரத்தார் என்பவர் அங்கே கீழவீதியில் மருந்துக்கடை வைத்திருந்த இன்னொரு ஹாம். இருவரும் அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆவலோடு ஒருநாள் மாடிப்படியில் நின்று கேட்டேன்.

"என் ஆடியோ எப்படியிருக்கு மச்சான்? ஓவர்."

"பிரமாதம் மச்சான். என் ஆடியோ எப்படி? ஓவர்."

"கண்ணாடி மாதிரி இருக்கு. இப்ப மைக்க நாலு வெரக்கட தள்ளி வெச்சிருக்கேன். இப்ப? ஓவர்."

"கொஞ்சம் கெணத்துக்குள்ள போன மாதிரி இருக்கு. ஓவர்."

"இப்ப ரெண்டு வெரக்கட. ஓவர்."

இதேதான், அரை மணி நேரம். எப்படிப் பேசுகிறோம் என்பதைத் தவிர அவர்கள் வேறெதையும் பேசி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் சௌக்கியமா என்று இவர் கேட்டதில்லை, வியாபாரம் எப்படி என்று அவர் கேட்டதில்லை. சிதம்பரத்தில் மழையா என்று ஒருமுறை இவர் விசாரித்ததும், மழைச்சத்தம் அவர் மைக்கில் விழுந்ததால்தான். நேரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் கிடையாது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. "போய்ப் பாக்கலாமே மாமா?" என்றேன்.

"நேர்ல பாத்து என்னாம்மா பேசறது?" என்று நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

மைக்குக்குள் பேசக் கூடாது, மைக்குக்குக் குறுக்கே பேச வேண்டும் என்பது அவருடைய வேதம். மெழுகுவத்தியைக் கொளுத்தி முன்னால் வைத்து 'பப்பாளி' என்று சொல்லச் சொல்வார். சுடர் ஆடினால் நாம் பெயில். மீன்கார அக்கா, கேஸ் சிலிண்டர் போடுகிறவர், நான், எல்லோரும் அந்த வீட்டு வாசலில் பப்பாளி சொன்னவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் ஃபாதரிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருக்க, இவர் போய் நின்றாராம்.

"ஃபாதர், பிரசங்கம் நல்லா இருந்துது. ஆனா 'பாவம்'னு சொல்றப்பல்லாம் மைக்கு படபடங்குது. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் மூஞ்சிய லேசா திருப்பிக்குங்க."

ஃபாதர் நல்ல மனுஷர், அடுத்த வாரம் அப்படியே செய்தார். 'பாவம்' வரும்போதெல்லாம் வலப்பக்கம் திரும்பினார். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த குடும்பத்தார் அடுத்த ஞாயிறு முதல் முதுநகர் கோயிலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் செட்டில் ஒரு வசதி உண்டு. பட்டனை அழுத்தினால் எந்த அலைவரிசையில் இருக்கிறோம் என்பதை ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொல்லும். கரண்ட் போன இருட்டிலும் கண்ணால் பார்க்காமல் அலைவரிசையை மாற்றலாம். மாமா அந்தக் குரலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஸ்டெல்லா அத்தைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"முப்பது வருஷமா ஒரு பொம்பள இங்க கத்திக்கிட்டிருக்கேன், அது காதுல ஏறல. அவ நம்பர் சொன்னா மட்டும் எப்படித் தலய ஆட்றாரு பாரு!"

"அவ ஒரு தடவதான் சொல்லுவா" என்றார் மாமா. அன்று மத்தியானம் அவருக்கு ரசம் மட்டும்தான்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் இன்னொரு வசதியால் வந்தது. பட்டனையே தொட வேண்டாம். நம் குரல் கேட்டதும் செட் தானாகவே ஒலிபரப்பத் தொடங்கும், நிறுத்தினால் தானாகவே நிற்கும். ஒருநாள் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மாமா கூடத்தில் உட்கார்ந்து சங்கரா மீன் செதில் சுரண்டியபடி சிதம்பரத்தாரோடு பேசிக்கொண்டிருந்தார். செட்டுக்கு யார் குரல் என்ற பாகுபாடு கிடையாது. குக்கர் விசில் போனது, எதிர்வீட்டு நாய் போனது, கடைசியில் அத்தையும் போனார்.

"அந்தாளு ஒரு வெட்டி, இவரு ஒரு வெட்டி. அவரு பொண்டாட்டி கடையில நிக்கும், நான் அடுப்புல நிக்கிறேன். இவுங்க ரெண்டு பேரும் கொழாயே இல்லாத கொழாயடியில நின்னு பேசிக்கிட்டிருக்காங்க!"

மாமா மீனும் கையுமாக உறைந்து போனார். ஒலிபரப்பும்போது எரியும் செட்டின் சிவப்பு விளக்கு அணைந்தது. மறுமுனையில் சிதம்பரத்தார் வந்தார்.

"மச்சான், வீட்டம்மா குரல் ரொம்ப நல்லா வருது. உங்களவிட அழுத்தம் ஜாஸ்தி. மைக்குலேர்ந்து எவ்ளோ தூரத்துல நிக்கிறாங்க? ஓவர்."

திட்டியதில் ஒரு சொல்லும் அந்த மனிதர் மனதில் ஏறவில்லை, திட்டிய தரம்தான் ஏறியது. அத்தை அன்று முதல் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் கூடத்தில் வாயைத் திறப்பதில்லை.

இப்படிக் காதால் வாழ்ந்தவர்கள் ஆனதால்தான், முதலில் கண்டுபிடித்ததும் சிதம்பரத்தார்தான். "மச்சான், உங்க ஆடியோல ஒரு கரகரப்பு இருக்கு" என்றார் ஒரு மாலை.

வேறு யாராயிருந்தாலும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்திருப்பார்கள். மாமா மைக்கைக் கழற்றினார். கடல் உப்புக்காற்று மைக்கைத் தின்றுவிட்டது என்றார். புது மைக் வந்தது, கரகரப்பு போகவில்லை. வயரை மாற்றினார். மைக்குக்குப் பஞ்சு சுற்றினார். ஏரியலைச் சாம்பல் போட்டுத் துலக்கினார். சிதம்பரத்தார் தன் பக்கத்துக் கோளாறோ என்று தன் ஸ்பீக்கரை மாற்றினார். எங்கள் மிக்ஸி பகல் பொழுதிலும் சந்தேகத்துக்கு உள்ளானது. மாதக் கணக்கில் இருவரும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார்கள், தொண்டையைத் தவிர. "மாமா, நேர்ல பேசறப்பவும் அப்படித்தான் கேக்குது" என்று நான் சொன்னதற்கு, "நேர்ல பேசறத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

கடைசியில் நெய்வேலியிலிருந்து யாரோ ஒரு ஹாமின் செட்டைக் கடன் வாங்கிப் பேசினார். சிதம்பரத்தார் குரல் இறங்கிப்போய் வந்தது. "செட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு மச்சான். நீங்க டாக்டரப் பாருங்க."

பாண்டிச்சேரியில் பெரிய டாக்டர் பார்த்தார். குரல்வளையில் கட்டி. எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் அதோடு குரலும் போய்விடும் என்றார். ஊரில் எத்தனையோ வாய்கள் இருக்க, இந்த வாய்க்கா வர வேண்டும் என்று எனக்கு அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. அத்தை அழுதார், நானும் அழுதேன். மாமா மொட்டைமாடிக்குப் போய் ஏரியலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று ஆறு மணிக்குச் சிதம்பரத்தாரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் ஒரு வழி சொன்னார்.

"மச்சான், எங்கிட்ட இருக்கற சின்ன செட்டுல நாலு வாய்ஸ் மெமரி இருக்கு. நம்ம குரல அதுல பதிஞ்சு வெச்சிட்டா, பட்டன அமுக்கினா அது பேசும். ஒவ்வொண்ணும் சில செகண்டுதான். நாளைக்கு பஸ்ல குடுத்தனுப்பறேன்."

சொல்லிவிட்டு, இனி நீங்கள் பேசலாம் என்பதற்கான அந்த 'ஓவர்' சொல்ல மறந்துவிட்டார். இவர் அதற்காகக் காத்திருந்தார். அன்று இருவருமே அதற்கு மேல் பேசவில்லை.

ஒரு மனிதனுக்கு இனி வாழ்நாள் முழுக்க நாலே வாக்கியம். எதை வைத்துக்கொள்வது? தெருவே கூடி யோசித்தது. 'வல வந்திருக்கு, தூக்கிப் பாரு' என்று கடைக்கு ஒன்று வேண்டும் என்றார்கள் மீனவர்கள். 'ஆமென்' சின்னதாக இருக்கும், இடமும் மிச்சம் என்றார் ஃபாதர். 'மிக்ஸியை நிறுத்து' என்று வைத்துக்கொள்ளட்டும் என்றார் என் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அத்தையிடம் மாமாவே கேட்டார், உனக்கு என்ன வேண்டும் என்று. "எனக்கு ஒண்ணும் வேணாம் போங்க" என்று அடுப்படிக்குள் போனவர் வெளியே வரவில்லை.

பனங்கற்கண்டுப் பால் குடித்துக் குடித்து, இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை என்று தள்ளித் தள்ளி வைத்து, அந்தக் கரகரத்த குரலையே சாணை பிடிப்பதுபோல் திரும்பத் திரும்பப் பதிந்தார். முதல் பட்டனில், பேசுவது யார் என்று ஆகாயத்துக்குச் சொல்லும் அவருடைய அழைப்புக்குறி. இரண்டாவதில், "நல்லா கேக்குது மச்சான், மேல சொல்லுங்க. ஓவர்." மூன்றாவதில், "சரி மச்சான், நாளைக்குப் பாப்போம்." நாலாவதைக் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தார். ஏதோ ஜெபமாயிருக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் வெள்ளைத் துணியோடு வீடு வந்து சேர்ந்த பிறகு ஒரு நாள், ஆறு மணிக்குச் செட்டை எடுத்து வைத்துக்கொண்டார். அத்தை அடுப்படியில் இருந்தார். நான் துணைக்குக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் பட்டன். சிதம்பரத்தார் பாய்ந்து வந்தார். "மச்சான்! என் ஆடியோ எப்படி? ஓவர்."

இரண்டாம் பட்டன்: நல்லா கேக்குது, மேல சொல்லுங்க.

மேலே சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் மேலே சொல்லச் சொன்னதேயில்லை. தடுமாறினார். பிறகு, மகளுக்குச் சேலத்தில் வரன் வந்திருக்கிறது என்றார். இரண்டாம் பட்டன். முட்டி வலிக்கிறது, கடை மாடிப்படி ஏற முடியவில்லை என்றார். இரண்டாம் பட்டன். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் ஆறு மணிக்குச் செட்டைப் போட்டு வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன் மச்சான் என்றார். மாமா பட்டன் மேல் விரலை வைத்தபடியே இருந்தார். கொஞ்சம் கழித்து மூன்றாவதை அழுத்தினார்.

அப்புறம் செட்டில் எதையோ திருகி, ஒலி ஆகாயத்துக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே கேட்கும்படி மாற்றிக்கொண்டு, நாலாவதை அழுத்தினார்.

"ஸ்டெல்லா... ஸ்டெல்லா, இங்க வாயேன்."

அதுவரை அவர் அத்தையை 'இந்தா' என்று கூப்பிட்டுத்தான் நான் கேட்டிருக்கிறேன். அடுப்படியில் ஏதோ விழுந்தது. அத்தை கரண்டியும் கையுமாக ஓடிவந்தார்.

"வந்துட்டேன். என்னா, சொல்லுங்க."

அதற்கு மேல் அவரிடம் பட்டன் இல்லை. பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அத்தை கரண்டியோடு உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கொழம்பு அடிபுடிச்சிடும், சீக்கிரம் சொல்லுங்க" என்றார். எழுந்து மட்டும் போகவில்லை.

நாங்கள் அந்த வீட்டில் இருந்த கடைசி நாள் வரைக்கும் சாயங்காலத்தில் அந்தக் கரகரத்த குரல் மாடிக்குக் கேட்கும். கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.