நான் விறகில் வென்ற நாற்காலி

போனஸ் வந்த அன்று ஒரு சபதம் எடுத்தேன். இந்தத் தடவை அந்தப் பணம் எனக்கே எனக்கு. அதில் ஒரு சாய்வு நாற்காலி வாங்குவேன். சாய்ந்தால் கால் தானாக மேலே எழும்பும் ரகம். கடையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கடைக்காரர் விளக்கை அணைத்த பிறகுதான் எழுந்தேன்.

இதை வீட்டில் அறிவித்தேன். அறிவித்தேன் என்பது மரியாதைக்கு. முனகினேன்.

"நாற்காலியா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள் என் மனைவி. அழுகை இல்லை, புகை. எங்கள் வீட்டில் குளிக்க வெந்நீர் பின்பக்கத்துக் கொட்டகையில் காய்கிறது. மேலே செம்பு அண்டா, கீழே செங்கல் அடுப்பு, அதற்குள் விறகு, எதிரே அவள். கல்யாணமானதிலிருந்து இதே வரிசை.

"எனக்கு ஹீட்டர் வேணும்," என்றாள்.

"கரண்டு பில் என்னாகும் தெரியுமா? விறகு எவ்வளவு மலிவு!"

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

"அளந்தீங்களா?"

இங்கேதான் விழுந்தேன். என் உத்தியோகம் அப்படி. நான் எடை அளவு ஆய்வாளர். கடைவீதியில் என் தலை தெரிந்தால் தராசுகள் தாமாகவே நேராகிவிடும். ஊரெல்லாம் போய் 'அளந்தாயா, அளந்தாயா' என்று கேட்கிற என்னைப் பார்த்தே அந்தக் கேள்வியா?

"அளந்து காட்டட்டுமா?"

"காட்டுங்க. விறகுதான் லாபம்னு நிரூபிச்சா நாற்காலி. இல்லேன்னா ஹீட்டர். ஆனா ஒண்ணு, அளக்கிற வரைக்கும் அடுப்பு எரிக்கிறது நீங்கதான்."

"நான் எதுக்கு?"

"நான் எரிச்சு விறகு ஜாஸ்தி செலவாச்சுன்னா, ஹீட்டருக்காக வேணும்னே அள்ளிப் போட்டேன்னு சொல்வீங்க. சோதனைன்னா நியாயமா நடக்க வேண்டாமா?"

எதிராளிக்கே நியாயம் பார்க்கிற பெண்மணி! இப்படி ஒருத்தியோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேனே என்று நெகிழ்ந்து போனேன்.

மறுநாளே விறகுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சார், போன மாசம்தானே முத்திரை போட்டீங்க..."

"பயப்படாதீங்க. விறகு வாங்க வந்தேன். எடை மட்டும் சரியா இருக்கணும். ஒரு சிம்பு குறையக் கூடாது."

"குறையுமா சார்? உங்களுக்கு நல்ல கனமான கட்டையாவே போடறேன்."

கனமான கட்டை! கேட்கவே நிறைவாக இருந்தது. சவுக்கு, மா, தைலமரம், கருவேலம் என்று நான்கு ரகம் எடுத்தேன். ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, கையை இழுப்பதாகப் பார்த்துப் பொறுக்கினேன். மற்றவர்கள் வாங்கிய அதே எடை வண்டி நிறைய இருந்தது. என்னுடையது ஒரு மூலையில் அடங்கிவிட்டது. என்ன ஒரு செறிவு!

விடிகாலையில் உட்கார்ந்தேன். அலுவலகத் தராசு ஒரு பக்கம், தெர்மாமீட்டர் ஒரு பக்கம். நடுவில் நெருப்பு இருக்கவேண்டிய இடம். நெருப்பு மட்டும் வரவில்லை. கட்டையின் நுனி உஸ்ஸென்றது. நுரை கக்கியது. புகை வந்தது. எவ்வளவு புகை! கொட்டகையில் புகுந்த மேகம் வெளியே போக வழி தெரியாமல் என் மூக்கு வழியாகப் போய் வந்தது.

வாசலில் ஒரு நிழல் நின்றது.

"என்னங்க, உள்ள இருக்கீங்களா?"

"இருமறேனே, கேக்கலையா?"

அவள் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். தொப்பென்றது.

"பச்சை மரம். காஞ்சதுன்னா டங்குனு சத்தம் வரும். நீங்க விறகு வாங்கல, தண்ணி வாங்கியிருக்கீங்க. எடை போட்டு."

"தண்ணியா?"

"கனமா பொறுக்கினீங்க இல்ல? வெயில்ல போட்டு வைங்க. இல்லேன்னா பாவம், அதுக்கு ஒரு துண்டு குடுத்து துவட்டி விடுங்க."

ஊரில் உள்ள அத்தனை தராசையும் ஏமாற்றவிடாத நான், ஒரு கட்டையிடம் ஏமாந்திருக்கிறேன். தராசு பொய் சொல்லவில்லை. அதன் வேலை எடையைச் சொல்வது. உள்ளே இருப்பது மரமா மழையா என்று அதை யாரும் கேட்கவில்லை.

கட்டைகளைப் பிளந்து வெயிலில் அடுக்கினேன். தினம் ஆபீஸிலிருந்து வந்ததும் எடை போட்டேன். நம்புங்கள், அவை இளைத்தன! யாரும் தொடவில்லை, ஒரு செதில் உதிரவில்லை, ஆனாலும் நாளுக்கு நாள் தராசு முள் இறங்கியது. கண்ணுக்குத் தெரியாமல் என் மாமரம் ஆகாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து காபி வைத்துவிட்டு, "கட்டைகூட இளைக்குது," என்று என் தொந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

காய்ந்த பிறகு கொளுத்தினேன். அதுவரை நான் நெருப்பைப் பார்த்ததே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

தைலமரம் சடசடவென்று பேசிக்கொண்டே எரிந்தது. கொட்டகை முழுக்கத் தலைவலித் தைலம் மணத்தது. மாங்கட்டைக்கு அவசரம். குபீரென்று எழும்பி அண்டாவைச் சுற்றிக்கொண்டு மேலே பறந்தது; திரும்பிப் பார்ப்பதற்குள் சாம்பல். சவுக்கு ஒரே சீராக, தலை நிமிராமல் கணக்கு எழுதுகிற குமாஸ்தா மாதிரி வேலை செய்தது. கருவேலம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வேன்! முதலில் பிடிக்கவே மாட்டேன் என்றது. கெஞ்ச வைத்தது. பிடித்த பிறகு ஆரவாரமே இல்லை. ஜுவாலை அடங்கி, கட்டையே தன் வடிவம் கெடாமல் உள்ளிருந்து சிவந்தது. விடியலின் இருட்டில் அது மூச்சு விடுவதுபோல் மங்கியும் ஒளிர்ந்தும் கிடந்தது. ஒரு மரம் இத்தனை வருஷம் குடித்த வெயில் முழுவதும் என் முழங்கால்மேல் அடித்தது. எந்தத் தராசில் வைப்பது இதை?

எல்லா ரகமும் காய்ந்தால் எடைக்கு எடை ஏறக்குறைய ஒரே சூடுதான். ஆனால் மாவின் சூடு பறந்துவிடுகிறது, கருவேலத்தின் சூடு உட்கார்ந்துவிடுகிறது. அண்டாவுக்குக் கீழே தணல் நின்றதால் விலை அதிகமான கருவேலமே கடைசியில் மலிவாக முடிந்தது. இதைக் கண்டுபிடித்தபோது கொட்டகையில் தனியாகக் கைதட்டினேன்.

சுவருக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"என்ன சார், புகையே காணோம். நெருப்பு அருமையா வருதே!"

"கை பழகிடுச்சு சார். ரெண்டே கட்டை, ஒரு அண்டா!"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல பாத்துட்டாங்களா?"

"இன்னும் சொல்லலை. ஏன்?"

"சொல்லாதீங்க. ரெண்டு நாள் புகைய விடுங்க. நான் ஒருநாள் தெரியாத்தனமா நல்ல காபி போட்டுட்டேன் சார். அதுக்கு அப்புறம் எங்க வீட்ல அவங்க பால் பாத்திரத்தையே தொடலை."

சிரித்தேன். பஸ் ஓட்டியவருக்கு விஞ்ஞானம் எங்கே புரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு. அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்து, என் சோதனை முழுவதையும் விளக்கினேன். ஒரு அண்டா வெந்நீருக்குக் கருவேலத்தில் ஆகிற செலவு ஹீட்டரில் ஆவதில் பாதிதான். அவள் குறுக்கே பேசவில்லை. வரலாற்றில் முதல்முறை.

"அடேங்கப்பா!" என்றாள். "ரெண்டே கட்டையிலயா?"

"ரெண்டே கட்டை."

"எனக்கு இத்தனை வருஷமா தெரியாமப் போச்சே! எப்படிங்க?"

அந்தக் கண்களில் இருந்த வியப்பு! பெண் பார்க்கப் போன அன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை. தணலை எப்படிப் பரப்புவது, காற்றுக்கு எங்கே இடம் விடுவது எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன்.

"நாளைக்கு நான் எரிச்சுப் பாக்கறேன். நீங்க எடை போடுங்க," என்றாள்.

போட்டேன். நான் சொன்னபடியெல்லாம் அவள் செய்தாள். ஆனால் இரண்டு கட்டை போதவில்லை. நாலு வைத்தாள், அணைந்தது. ஆறு வைத்தாள். விசிறினாள். ஊதினாள். ஒரு கை சுள்ளிகளை அள்ளிப் போட்டாள். நீர் காய்வதற்குள் அரைக் கூடை காலி.

"வேணும்னே போடறியா?"

"இதுக்குத்தான் நான் எரிக்க மாட்டேன்னு முதல்லயே சொன்னேன்," என்றாள். முகத்தில் வருத்தம் தெரிந்தது. "நாளைக்கும் பாருங்க. நாளன்னைக்கும் பாருங்க. தராசு உங்க கையில."

மூன்று நாள் பார்த்தேன். தராசு என் கையில்தான் இருந்தது. மூன்று நாளும் அரைக் கூடை.

அவள் கையைக் கழுவிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப கணக்கு நீங்களே சொல்லுங்க. என் கையால எரிச்சா எது லாபம்?"

கூட்டிப் பார்த்தேன். "ஹீட்டர்."

"உங்க கையால எரிச்சா?"

"விறகு."

"அப்ப ஹீட்டர் வாங்கணுமா, நாற்காலி வாங்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். எனக்கு ரெண்டும் சம்மதம்."

என்ன பெருந்தன்மை! தீர்ப்பையே என் கையில் கொடுத்துவிட்டாள். நாற்காலி என் கண்முன் சாய்ந்தது. கால் தானாக எழும்பியது. ஹீட்டருக்கு வாக்களிக்க நான் என்ன மடையனா? அந்தக் கருவேலத் தணலையும் நினைத்தேன். தினம் விடியலில் அது எனக்காகச் சிவக்கும். அதை விட்டுவிட்டு ஒரு பொத்தானை அமுக்குவதா?

"விறகு!" என்றேன். "நானே எரிக்கிறேன். நாற்காலி வாங்கறோம்!"

"உங்க இஷ்டம்," என்றாள்.

நாற்காலி வந்து மூன்று மாதம் ஆகிறது. ஜன்னலோரமாகப் போட்டிருக்கிறோம்; அங்கிருந்து பார்த்தால் கொட்டகையில் நான் விறகு பிளப்பதும், அடுக்குவதும், காய்ந்ததா என்று தட்டிப் பார்ப்பதும், விடிந்தும் விடியாமலும் ஊதுவதும் நன்றாகத் தெரியுமாம். சாய்ந்தால் கால் தானாக எழும்புவது அவ்வளவு சுகமாக இருக்கிறதாம், அவள்தான் சொன்னாள்.