பால் காய்ச்சலும் நேச நாட்டுப் படைகளும்

போர் வரலாறு படிக்கிறவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திட்டம் போடக் கூடாது. நான் போட்டேன்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் கடல் கடந்து கரையிறங்கிய கதையில் நான் மூழ்கியிருந்த சமயம். (மூழ்கியது நான் மட்டும்தான், வீட்டில் மற்றவர்கள் கரையிலேயே இருந்தார்கள்.) அப்போதுதான் மாசியில் சொந்த வீடு அமைந்தது. பதினோரு வருடம் கிளென்ஃபீல்டு என்ற இந்த வெளிநாட்டு ஊரில் வாடகை வீட்டு அடுப்பில் சமைத்த என் மனைவி சித்ராவுக்கு ஒரே ஆசை: சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் தன் வீட்டில் பால் பொங்க வேண்டும்.

மூன்று பக்கத்தில் 'படை உத்தரவு' தயாரித்தேன். முதல் அலை: நான், சாமி படம், குத்துவிளக்கு, தீப்பெட்டி. இரண்டாம் அலை: சித்ரா, மகள் நிலா, பால், பானை, அடுப்பு பற்றவைக்க இன்னொரு தீப்பெட்டி. நான் வீட்டைக் 'கைப்பற்றும்' வரை இரண்டாம் அலை வீட்டுக்குச் சற்றுத் தள்ளியிருந்த கடைகளுக்கு முன்னால் காரில் காத்திருக்கும். போனில் நான் 'மெதுவடை' என்று சங்கேதம் சொன்னதும் புறப்படும்.

"எதுக்குங்க இதெல்லாம்? ஒரே கார்ல போயிடலாமே."

"எல்லாரையும் ஒரே கப்பல்ல ஏத்த மாட்டாங்க, சித்ரா."

"அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள் நிலா.

பத்தி ஏழு, வானொலி மௌனம்: காலை ஏழு மணி முதல் இரண்டாம் அலையின் போன்கள் அணைந்திருக்க வேண்டும். (சொந்தக்காரர்கள் கூப்பிட்டு நேரத்தைத் தின்றுவிடுவார்கள்.) உத்தரவை மூன்று முறை சரிபார்த்தேன்.

நாட்குறிப்பிலிருந்து: 8.05, விளக்கேற்றினேன். 8.10, 'மெதுவடை' சொல்ல அழைத்தேன். சித்ராவின் போன் அணைந்திருந்தது. 8.30 வரை ஒன்பது அழைப்புகள். கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக என் திட்டத்தை அவள் இம்மி பிசகாமல் பின்பற்றிக்கொண்டிருந்தாள்.

8.32, வீட்டைப் பூட்டிக் காரில் பறந்தேன். என் போன் விளக்கின் பக்கத்திலேயே கிடந்தது. கடைகளுக்கு முன்னால் அவர்கள் இல்லை. பொறுமை போய், வேறு தெரு வழியாக வீட்டுக்கே போயிருந்தார்கள். கதவு பூட்டியிருந்ததால் சித்ரா தன் போனை உயிர்ப்பித்து என்னை அழைத்திருக்கிறாள். மணி வீட்டுக்குள் அடித்திருக்கிறது.

தெருத்தெருவாகத் தேடிவிட்டு நான் திரும்பியபோது 8.56. வாசலில், கார் நிறுத்துகிற சிமெண்ட் தரையில், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துச் சிவா அண்ணை, மீன்பிடிக்கப் போகும்போது கொண்டுபோகும் தன் குட்டிக் கேஸ் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். மேலே எங்கள் பானை. நிலா என் உத்தரவின் மூன்று பக்கங்களையும் விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுல மீன் எதுவும் வறுக்கலையே அண்ணா?" என்றாள் சித்ரா.

"சீச்சீ, தேத்தண்ணி மட்டும்தான், தங்கச்சி," என்றார் அவர், யார் முகத்தையும் பார்க்காமல்.

8.58. பால் பொங்கியது. சித்ரா அழுதாள், என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"தம்பி, நான் உண்மையான சண்டைக்குள்ளால தப்பி வந்தனான்," என்றார் சிவா அண்ணை. "இப்பிடியொரு குழப்பத்தை அங்கையும் காணேல்லை."

இன்றும் எங்களுக்குத் தெரிந்தவர் யார் வீடு வாங்கினாலும் சிவா அண்ணை கேட்கும் முதல் கேள்வி, "பால் உள்ளையோ, வெளியிலையோ?" எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். எனக்காகச் சித்ராதான் பதில் சொல்வாள்.

"வெளியிலதாங்க நல்லாப் பொங்கும்."