உன் சஸ்பென்ஸ் சக்கரவர்த்தியைப் பற்றிச் சில சந்தேகங்கள்

அன்புள்ள மச்சினனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீயும் உன் பத்திரிகையும் நலமாக இருக்க வேண்டும். பத்திரிகை மட்டும் இன்னும் கொஞ்சம் யோசித்து எழுத வேண்டும்.

'சஸ்பென்ஸ் சக்கரவர்த்தி' என்று நாலு பக்கம் புகழ்ந்திருந்தாயே, அந்த டைரக்டரின் புதுப் படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். கொலையாளி யாரென்று கடைசிவரை கடவுளுக்கே தெரியாது என்று எழுதியிருந்தாய். நான் ஓய்வு பெறும்வரை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்தவன். தன் குடோனுக்குத் தானே தீ வைத்துவிட்டு என் முன்னால் நின்று அழுதவரிடம், கண்ணீரை விட்டுவிட்டு மண்ணெண்ணெய் வாடையைக் கவனித்தவன். அந்தத் தைரியத்தில், கிளம்பும்போதே உன் அக்காவிடம், "இடைவேளைக்குள்ள ஆளச் சொல்லிடறேன், பாரு" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

லிஃப்டுக்குள் ஒரு பணக்காரர் செத்துக் கிடக்கிறார். அதற்குப் பிறகு யார் தும்மினாலும் சந்தேகம்தான். சமையல்காரர் ரொட்டி வெட்டக் கத்தியை எடுத்தால் வயலின் வீலென்று அலறுகிறது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் கேமரா அவர் மூக்குக்குள்ளேயே போய்விடுகிறது. நான் முதலில் டாக்டர் என்றேன். பிறகு செத்தவரின் தம்பி என்றேன். ஏனென்றால் அவர் ஒரு காட்சியில் வலது காலையும் அடுத்த காட்சியில் இடது காலையும் நொண்டினார். கடைசியில் பார்த்தால் அது தடயமே இல்லையாம், டைரக்டரின் கவனக்குறைவாம்! நான் தம்பியைச் சொன்ன அதே நேரத்தில் பக்கத்துப் பால்கனியில் ஒரு பெண் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், அவ்வளவுதான். உன் அக்கா வேர்க்கடலையை மென்றுகொண்டே, "இவதாங்க" என்றாள், தியேட்டருக்கே கேட்கும்படி. முன்வரிசைக்காரர் திரும்பி, "ஏம்மா, நாங்கல்லாம் காசு குடுத்துதான வந்திருக்கோம்?" என்று சீறினார். ஆனால் அதே மனுஷன் இடைவேளைக்குப் பிறகு மெதுவாகத் திரும்பி, "அப்போ டாக்டர் ஏம்மா பொய் சொல்றாரு?" என்று கேட்டார். இவள் அதற்கும் பதில் சொன்னாள். முடிவில் அந்தப் பெண் பூவாளியோடு பிடிபட்டபோது, எங்கள் வரிசையே திரையைப் பார்க்கவில்லை, உன் அக்காவைப் பார்த்துக் கைதட்டியது.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு மரியாதை இல்லை. கீழ்வீட்டுப் பல் டாக்டர், காத்திருப்போர் அறையில் வாரப் பத்திரிகைகள் காணாமல் போகின்றன என்று ஏறி வந்தார். "உள்ள வாங்க, இது என்னோட தொழில்" என்றேன். "உங்களுக்கெதுக்கு சார் சிரமம், அம்மா இல்லையா?" என்றார். அவள் இறங்கிப் போய், ஒரு வார்த்தை பேசாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தாள். மறுநாளே பத்திரிகைகள் தாமாகத் திரும்பி வந்துவிட்டன. கூடவே, யாருமே தொலைந்ததாகச் சொல்லாத ஒரு குடையும்.

வேர்க்கடலை தின்றுகொண்டே கண்டுபிடித்துவிடக்கூடிய கொலையை எடுத்தவருக்குச் சக்கரவர்த்திப் பட்டமா? அடுத்த இதழில் நீ மறுப்பு வெளியிட வேண்டும். இல்லாவிட்டால் சந்தாவை நிறுத்திவிடுவேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். நீண்ட ஆயுளும் அதற்குத் தேவையான நிதானமும் உனக்கு வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா வந்து இதைப் படித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். "அவன்தாங்க போன்ல முழுக் கதையும் சொன்னான். தண்ணி ஊத்தறவள நல்லாப் பாத்துக்க அக்கான்னான்" என்கிறாள். ஆகவே மேலே உள்ளதை எல்லாம் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். டைரக்டர் மேதைதான், குற்றவாளி நீ. அவருடைய அடுத்த படத்தின் முடிவையும் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறாள். தாராளமாகச் சொல். எனக்கு மட்டும் ஒரு நாள் முன்னதாகச் சொல்.